கொடி டீச்சரும் பத்துக் கால் நண்டும்

தஞ்சாவூர் ஜில்லாவில் கொடியைப் பார்த்ததும் சல்யூட் அடிக்கிறவர்கள் உண்டு, கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, கொடியைக் காரில் கட்டிக்கொண்டு டோல்கேட்டில் சண்டை போடுகிறவர்களும் உண்டு. ஆனால் கொடியைப் பார்த்ததும் ஓடுகிற ஸ்கூட்டரை நடுரோட்டில் நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "இது யாரோட கொடிங்க? ஏன் இந்தக் கலர்?" என்று விசாரணை நடத்துகிற பிறவி, எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். கொடி டீச்சர். அப்பா அம்மா வைத்த பெயரும் அவருக்கு ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டில் எழுதுகிறபோது மட்டும்தான் அது எனக்கே ஞாபகம் வரும்.

ஒரு நாள் திருவிடைமருதூர் போகிற வழியில், கட்டடக் கம்பி ஏற்றிப் போன லாரியை விரட்டிப் பிடித்தார். என் பைக் ஒர்க் ஷாப்பில் கிடந்ததால் அன்று அவர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். யாரோ செக்கிங் அதிகாரி என்று நினைத்து டிரைவர் லாரியை ஓரங்கட்டிவிட்டார்.

"அண்ணே, பின்னாடி செவப்புத் துணி கட்டியிருக்கீங்களே, எதுக்கு?"

"கம்பி வெளிய நீட்டிக்கிட்டிருக்கு மேடம். பின்னால வர்றவன் குத்திக்கக் கூடாதுல்ல?"

"அப்ப அது கம்பியோட கொடி. 'நான் இங்க இருக்கேன், பாத்து வாங்க'ன்னு சொல்லுது. அதானே?"

டிரைவர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கண்ணாலேயே கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். மறுநாள் மூன்றாம் வகுப்பில் அந்த லாரிதான் பாடம்.

நான் அப்போது கும்பகோணம் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியர். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இந்தப் பத்திரிகைக்கும் ஒரு மனு வந்து சேரும், ஏன் என்று போகப் போகத் தெரியும். தலைமை என்றவுடன் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பள்ளியில் மொத்தம் இரண்டே ஆசிரியர்கள். நான் ஒன்று, கொடி டீச்சர் ஒன்று. நான்கும் ஐந்தும் எனக்கு, ஒன்று இரண்டு மூன்று அவருக்கு. ஒரே ஹாலில் நடுவே ஒரு இரும்பு பீரோவை நிறுத்தி, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான் என்று குடித்தனம் நடத்தினோம்.

நான் பயந்த சுபாவம். ஆடிட் என்றால் எனக்குக் காய்ச்சல் வரும். பி.இ.ஓ. என்கிற வட்டாரக் கல்வி அதிகாரி வருகிறார் என்றால் அது இரட்டிப்பாகும். டியூப்லைட் மாற்ற வேண்டுமென்றால்கூட அனுமதி கேட்டு எழுதி, பதில் வருகிற வரைக்கும் இருட்டில் உட்கார்ந்திருப்பேன். அவரோ நேர் எதிர். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட வாங்க போங்கதான். "சார், மூக்கு வழியுது பாருங்க, தொடைச்சுக்குங்க" என்பார். அந்த ஆறு வயது சாரும் கௌரவமாகச் சட்டைக் கையால் துடைத்துக்கொள்வார். கும்பகோணத்துத் தையல் கடைகளிலெல்லாம் துண்டுத் துணி வாங்கி ஒரு பெரிய பையில் திணித்துக்கொண்டு வருவார். பை தினமும் குண்டாகிக்கொண்டே போனது. பீரோவுக்குப் பின்னால் நான் ஒடுங்கிக்கொண்டே போனேன்.

எல்லாம் ஆரம்பித்தது பயிற்சிக் கையேட்டில் வந்த ஒரு வரியால். 'நம் ஊர்' என்று ஒரு பாடம். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு செயல்பாடு: குழந்தைகள் தங்கள் பகுதிக்கு ஒரு கொடி வரையட்டும். மற்ற பள்ளிக்கூடங்களில் இதை அரை மணியில் முடித்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மணி அடித்திருப்பார்கள். எங்கள் டீச்சர் அதை மூன்று மாதம் நடத்தினார்.

"மூணே விதிதாங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னார். "பேர் எழுதக் கூடாது. தூரத்துலேர்ந்து பாத்தாலும் தெரியணும். ஏன் இது போட்டீங்கன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும்."

எங்கள் ஊருக்கு இரண்டு தெரு. மேலத்தெரு, வாய்க்கால்தெரு. நடுவே ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒரு மதகு. பெரியவர்கள் மதகைத் தாண்டிப் பேசிக்கொள்வது வோட்டுக்கும் சாவுக்கும் மட்டும்தான். பிள்ளைகளும் சத்துணவுக்கு உட்காரும்போது யாரும் சொல்லாமலே இரண்டு வரிசையாகப் பிரிந்து உட்காரும். பல வருஷமாக அப்படித்தான். நான் பார்த்தும் பார்க்காதவனாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டீச்சர் வந்த முதல் நாளே பார்த்துவிட்டார்.

மேலத்தெருப் பையன் கவின் ஒரு ஏரோப்ளேன் வரைந்தான்.

"ஏங்க சார், நம்ம ஊருக்கு ஏது ப்ளேன்?"

"எங்க தெருவுல எல்லா அப்பாவும் சிங்கப்பூர்ல, துபாய்ல இருக்காங்க டீச்சர். ப்ளேன்தான் எங்க தெரு."

வாய்க்கால்தெரு யாழினி ஒரு வளைந்த கோடு மட்டும் போட்டு வைத்திருந்தாள்.

"இது என்னங்க மேடம்? மலையா?"

"முதுகு டீச்சர்."

"யாரோடது?"

"எல்லா அம்மாவோடதும். நடவு சமயத்துல மதகுல நின்னு பாத்தா எங்க தெருவுல முதுகு மட்டும்தான் தெரியும்."

பீரோவுக்கு இந்தப் பக்கம் வகுத்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்த எனக்கு மீதி என்ன வந்தது என்று மறந்து போயிற்று. ஒரு பயல் ஆடு வரைந்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "நல்ல ஆடு டீச்சர்" என்றான். அதற்கும் சபாஷ்.

அடுத்து வண்ணம். அங்கேதான் எனக்கு வியர்த்தது. பிள்ளைகள் பாட்டுக்குப் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று எடுத்துப் பூச ஆரம்பிக்க, நான் பீரோவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

"டீச்சர்! அந்த ரெண்டு கலரையும் பக்கத்துப் பக்கத்துல வைக்காதீங்க. அது ஒரு கட்சி!"

"அப்ப மூணாவதா ஒண்ணு சேத்துக்கலாமா சார்?"

"சேத்தா அது இன்னொரு கட்சி!"

"திருப்பி, மேல உள்ளதைக் கீழ போட்டா?"

"அது அதுலேர்ந்து பிரிஞ்சு போன கட்சி டீச்சர். விட்டுடுங்க!"

அவர் விடவில்லை. மொத்தப் பிள்ளைகளையும் வரிசை கட்டி பஸ் ஸ்டாப்புக்கு அழைத்துப் போனார், பின்னாலேயே நானும் ஓடினேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் பஸ்ஸைவிடக் கொடிக்கம்பம் ஜாஸ்தி. கட்சிக் கம்பம், சங்கக் கம்பம், மன்றக் கம்பம், எதற்கு நட்டார்கள் என்று நட்டவருக்கே மறந்துபோன கம்பம் என்று வரிசையாக நிற்கும். பிள்ளைகள் சிலேட்டில் ஒவ்வொரு வண்ணமாகக் குறித்துக்கொண்டார்கள். முடிந்தபோது வானவில்லில் ஒன்றுகூட மிச்சமில்லை. டீக்கடைக்காரர் வெளியே வந்து, "டீச்சர், எலெக்ஷன் வேலையா? பிள்ளைங்களையுமா எறக்கிட்டாங்க?" என்று கேட்டார்.

கவின்தான் கத்தினான். "டீச்சர்! சேத்துக் கலரு யாருகிட்டயும் இல்ல!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் குறுவைக்கு உழுது, தண்ணீர் கட்டி, நடவுக்குத் தயாராகக் கிடந்தது வயல். கண்ணுக்கெட்டின மட்டும் சேறு. இத்தனை கட்சி, இத்தனை சங்கம், ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்.

மறுநாள் காடாத் துணியைக் கிழித்து, வாய்க்கால் வண்டலில் கஞ்சி கலந்து, அதில் போட்டு மிதித்தார்கள். துணிக்கு ஏறின சாயத்தைவிட யூனிஃபாரத்துக்கு ஏறினது அதிகம். சாயங்காலம் அம்மாக்கள் படை திரண்டு வந்தார்கள்.

"என்ன டீச்சர் இது? சோப்பு நீங்க வாங்கித் தர்றீங்களா?"

முழங்கை வரை சேறாக நின்றுகொண்டிருந்த டீச்சர், "வாங்கித் தர்றேம்மா. ஆனா போகாது. நான் நேத்தே என் பொடவையில போட்டுப் பாத்துட்டேன்" என்றார். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரிடம் அதுதான் தொல்லை, சண்டைக்குப் போகிறவர்கள் சண்டையை மறந்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

சேற்று நிறத்தில் ப்ளேன் தைத்த மேலத்தெருக் கொடியும், சேற்று நிறத்தில் முதுகு தைத்த வாய்க்கால்தெருக் கொடியும் தயாராயின. பள்ளிக்கூடக் கம்பத்தில் தேசியக் கொடி தவிர வேறெதுவும் ஏறக்கூடாது என்று நான் காலில் விழாத குறையாகச் சொன்னதால், மதகுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மூங்கில் நட்டுக் கட்டினார்கள்.

இரண்டு நாள் ஊரே வந்து பார்த்தது. மூன்றாம் நாள் காலை மேலத்தெரு மூங்கில் ஒரு அடி வளர்ந்திருந்தது. நான்காம் நாள் வாய்க்கால்தெரு மூங்கில் இரண்டு அடி. பிள்ளைகள் வேலை என்று பார்த்தால், கயிற்று முடிச்சு பெரியவர்கள் போட்டது. "வாழைக்கு முட்டுக் கொடுக்க வச்சிருந்தேன், சும்மாத்தானே கெடக்கு" என்று ஒருவர் நீள மூங்கில் தருவார். எதிர்ப்பக்கம் ஒருவர் அதைவிட நீளமாகத் தேடிக்கொண்டு போவார். கடைசியில் இரண்டும் கரண்ட் கம்பியைத் தொடப் போயின. லைன்மேன் வந்து கத்திவிட்டுப் போனார். அன்று மத்தியானம் யார் கொடி உயரம் என்று பிள்ளைகளுக்குள் கைகலப்பு. கவினுக்கு ஒரு பல் போயிற்று. ஆடிக்கொண்டிருந்த பால் பல்தான், ஆனாலும் ரத்தம் ரத்தம்தானே. "பள்ளிக்கூடத்துலயே அடிக்கிறாங்களா எங்க புள்ளய?" என்று மேலத்தெரு கொதித்தது.

டீச்சர் இரண்டு கொடியையும் தானே அவிழ்த்து மடித்து எடுத்து வந்தார். என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றுதான்.

"தப்புப் பண்ணிட்டேன் சார். கொடின்னா 'நான் இங்க இருக்கேன்'னு சொல்றதுன்னு நெனச்சேன். இதுங்க ரெண்டும் 'நீ அங்கேயே இரு'ன்னுல்ல சொல்லுது."

"டீ சாப்பிடுறீங்களா டீச்சர்?" என்றேன்.

இந்த இடத்தில் மனு மிராசுவை அறிமுகப்படுத்தியாக வேண்டும். அவருக்கு இருந்தது மதகோரம் ஒரு வீடும் ஏறக்குறைய ஒரு ஏக்கர் வருகிற மூன்று மா நிலமும்தான். ஆனால் மனுவில் அவர் பெரிய மிராசுதார். பஸ் லேட்டாக வந்தால் மனு. சீக்கிரம் வந்துவிட்டால் அதற்கும் மனு. கோயில் ஸ்பீக்கர் அலறுகிறது என்று ஒரு மனு, அதைக் கழற்றிய பிறகு நேரம் தெரியவில்லை என்று ஒரு மனு. ரிஜிஸ்தர் தபாலைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டார். அவர் வாசலில் இரண்டு மூங்கில் வளர்ந்து, பிள்ளைகள் அடித்துக்கொண்டால் விடுவாரா? மறுநாளே போயிற்று.

மேற்படி ஆசிரியை பிஞ்சு உள்ளங்களில் தெருவாரியாகக் கொடி கட்டிப் பிரிவினையை வளர்க்கிறார், மேற்படியாரை உடனே மாற்ற வேண்டும் என்று இரண்டு பக்கம். வயிற்றெரிச்சல் என்னவென்றால், மனுஷன் எழுதியதில் பாதி உண்மை.

பி.இ.ஓ. போனில் கூப்பிட்டார். "வர்ற வெள்ளிக்கிழமை நேர்ல வர்றேன். இதுக்கு யார் பர்மிஷன் குடுத்ததுன்னு எனக்கு எழுத்துல வேணும். பர்மிஷன் இல்லாம அந்தம்மாவா செஞ்சிருந்தா, வேற ஒன்றியத்துக்குப் போக வேண்டியதுதான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

டீச்சரிடம் சொன்னேன். முகம் வாடிப்போயிற்று. "வேற ஒன்றியமா? அப்ப இந்தப் புள்ளைங்க சண்டை போட்டபடியே நின்னுடுமே சார்" என்றார். தன் வீடு, வாசல், பஸ் வசதி எதையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளிடம் போனார்.

"ரெண்டு கொடி வேண்டாங்க. ஊருக்கே ஒண்ணு போடுவோம். ரெண்டு தெருவுக்கும் பொதுவா என்ன இருக்கு? சொல்லுங்க."

"சூரியன்!"

"ஆகாது!" இது நான், பீரோவுக்குப் பின்னாலிருந்து.

"எலை!"

"ஆகாது!"

"கை! எல்லாருக்கும் கை இருக்குல்ல?"

"ஆகவே ஆகாது!"

பூ, பழம், யானை, சைக்கிள், நெற்கதிர் எல்லாம் போயிற்று. மேளம் என்றார்கள், விசில் என்றார்கள். உலகத்தில் கண்ணால் பார்க்கிற வஸ்து அத்தனைக்கும் எங்கேயோ ஒரு வேட்பாளர் நின்றிருக்கிறார். எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அப்போது யாழினி பீரோவைச் சுற்றிக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"சார், நண்டு எந்தக் கட்சி?"

யோசித்தேன். மனசுக்குள் சட்டமன்றம், நாடாளுமன்றம், பஞ்சாயத்து எல்லாம் ஒரு சுற்றுப் போய்வந்தேன். "நண்டு... நண்டு எந்தக் கட்சியும் இல்லம்மா" என்றேன். என் வாயிலிருந்து வந்த முதல் அனுமதி அதுதான். ஹால் இடிந்து விழுகிற மாதிரி கத்தினார்கள்.

"எங்க தாத்தா தெனம் நண்டத் திட்டுவாரு" என்றான் கவின். "வரப்புல ஓட்டை போட்டு எங்க வயல் தண்ணியெல்லாம் யாழினி வயலுக்கு விட்டுடுதாம்."

"எங்கப்பாவும்தான் திட்டும். எங்க தண்ணிய ஒங்க வயலுக்கு விட்டுடுதாம்."

"அப்ப நண்டு யாரு பக்கங்க?" என்று கேட்டார் டீச்சர்.

மூக்கு வழிகிற ஒன்றாம் வகுப்பு சார்தான் சொன்னார். "அது தண்ணி பக்கம் டீச்சர்."

டீச்சர் அந்தப் பயலை அப்படியே தூக்கிக்கொண்டார். அன்று மத்தியானம் சத்துணவு வரிசை கொஞ்சம் கோணலாக இருந்தது. நண்டு எப்படி இருக்கும் என்ற வாக்குவாதத்தில் நான்கைந்து பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசைக்குப் போய்விட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஆனால் நான் அன்று சாயங்காலம் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். 'மேற்படி கொடி நடவடிக்கைகள் யாவும் எனது அனுமதியோ ஒப்புதலோ இன்றி, ஆசிரியை தன்னிச்சையாகச் செய்தவை என்பதைப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.' கையெழுத்தும் போட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, அவர் எதற்குத்தான் அனுமதி கேட்டார்? பென்ஷனுக்கு நான்கு வருஷம் இருக்கையில் எனக்கு எதற்கு வம்பு? இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கடிதத்தைக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை நண்டு தயார். சேற்று நிறத் துணி, நடுவில் டெய்லர் கடைத் துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்த ஒரு பெரிய நண்டு. கம்பம் எதுவும் கிடையாது. பள்ளி வராந்தாவில் ஒரு கயிறு கட்டி, துணி உலர்த்துகிற மாதிரித் தொங்கவிட்டார்கள். இரண்டு தெருவும் எட்டி எட்டிப் பார்த்தது. மனு மிராசுவும் வந்தார், குடையோடு. சாட்சியம் சேகரிக்க வருகிறார் என்று நினைத்தேன்.

கொடியின் முன்னால் நின்றார். கண்ணாடியை ஏற்றி இறக்கினார். குடைக் காம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"யாருடா தைச்சது இத?"

"நாங்கதான் தாத்தா" என்று முப்பது குரல்.

"நண்டுக்கு ஆறு காலாடா?"

"துணி பத்தல தாத்தா" என்றான் கவின்.

மிராசு ஒரு உறுமல் உறுமினார். விறுவிறு என்று வீட்டுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், எதிரே தன் வீட்டு வாசல் மேஜையில் பேப்பரை எடுத்து வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். போச்சுடா, அடுத்த மனு.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு பி.இ.ஓ. வந்தார். சர்க்கரை இல்லாத டீயை வேண்டாவெறுப்பாகக் குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"யார் பர்மிஷன்ல நடந்தது இது?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிள்ளைகள் பீரோவின் இரண்டு பக்கமும் தலை நீட்டிக்கொண்டிருந்தன. நான் பீரோவைத் திறந்து கவரை எடுத்தேன். கடிதத்தை உருவினேன். நீட்டப் போனேன்.

என் கையெழுத்துக்குக் கீழே பள்ளி முத்திரை பதிந்திருந்தது. நேராக, அழகாக, மை சிதறாமல்.

நான் முத்திரை வைக்கவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டிருந்தேன். பீரோவுக்கு மொத்தம் இரண்டு சாவி. ஒன்று என் சட்டைப்பையில். இன்னொன்று எதிரே தலைகுனிந்து நிற்கிறவரிடம். இந்தம்மா என் கடிதத்தைப் படித்திருக்கிறார். தன்னை ஊரைவிட்டு அனுப்பப்போகிற கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து, கிழிக்காமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முத்திரையை எடுத்து வைத்து, மறுபடி கவரில் போட்டு வைத்திருக்கிறார்.

வெட்கம் என்றால் என்ன என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. கடிதத்தை நான்காக மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"நான்தான் சார் சொன்னேன். என் பர்மிஷன்லதான் எல்லாம் நடந்தது."

டீச்சர் சட்டென்று தலை நிமிர்ந்தார். பி.இ.ஓ. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, நீங்களா? டியூப்லைட் மாத்தறதுக்கு பர்மிஷன் கேட்டு மூணு லெட்டர் போட்டீங்களே, அந்த நீங்களா?"

"ஆமா சார்" என்றேன். குரல் நடுங்கவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

"அப்ப நடவடிக்கை ரெண்டு பேர் மேலயும் வரும், தெரியுமில்ல?" என்று அவர் பேனாவை எடுத்த நேரத்தில், வாசலில் குடை தட்டுகிற சத்தம். மனு மிராசு. கையில் நான்காக மடித்த தாள்.

"ஐயா, கூடுதல் மனு ஒண்ணு இருக்கு. தபால்ல போனா லேட்டாவும்னு கையிலேயே கொண்டாந்துட்டேன்."

பி.இ.ஓ. பெருமூச்சு விட்டு வாங்கிப் பிரித்தார். முதலில் மனசுக்குள் படித்தார். புருவம் மேலே போயிற்று. பிறகு சத்தமாகவே படித்தார்.

"'ஐயா, மேற்படி பள்ளியில் தொங்கவிடப்பட்டுள்ள எங்கள் ஊர்க் கொடியில், நண்டுக்கு ஆறு கால்கள் மட்டுமே காணப்படுகின்றன. கொடுக்கு இரண்டையும் சேர்த்து நண்டுக்குக் கால்கள் பத்து என்பது உலகறிந்த விஷயம். வெளியூரார் பார்த்தால், இந்த ஊர்க்காரர்களுக்கு நண்டைக்கூடத் தெரியாதா என்று எங்களைக் கேவலமாகப் பேசுவார்கள். ஆகவே விடுபட்ட நான்கு கால்களையும் உடனடியாகச் சேர்க்க ஆவன செய்யும்படி...'"

பி.இ.ஓ. தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

"பெரியவரே, 'எங்கள் ஊர்க் கொடி'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"போன மனுவுல தெருத்தெருவா கொடி கட்டிப் பிரிக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்க. இது எந்தத் தெருக் கொடி?"

"நண்டுக்கு ஏதுங்க தெரு? அது பாட்டுக்கு இந்த வரப்புல பூந்து அந்த வரப்புல வரும். என் மூணு மாவையும் சல்லடையாக்கி வச்சிருக்கு சனியன். எங்க ஊரு நண்டு, எனக்குத் தெரியாதா?"

"சரி, அப்ப இந்த டீச்சரை மாத்தணுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்க."

மிராசுவுக்குக் கோபமே வந்துவிட்டது. "மாத்திட்டா அந்த நாலு காலை யாருங்க தைப்பா? நீங்களா?"

பி.இ.ஓ. சிரித்தார். நான் சர்வீஸில் பார்த்த முதல் அதிகாரிச் சிரிப்பு. முதல் மனுவின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'மனுதாரர் திருப்தி அடைந்தார்' என்று எழுதினார். "திருப்தின்னு எப்படிங்க எழுதலாம்? இன்னும் கால் வரலியே!" என்று மிராசு சண்டைக்கு நின்றார். அதோடு விட்டாரா? கால் எந்த இடத்தில் முளைக்கிறது என்று காட்டாமல் போகமாட்டேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டார். பின்னாலேயே மேலத்தெருவும் வாய்க்கால்தெருவும் மொத்தமாகக் குதித்தன. கால் மணி நேரத்தில் ஒரு நண்டைப் பிடித்துக்கொண்டு வந்து, அது கையைக் கவ்வியதைக்கூடப் பொருட்படுத்தாமல், "எண்ணுங்கடா!" என்றார். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் பத்து வரைக்கும் எண்ணின. பி.இ.ஓ.வும் எண்ணினார்.

மணி அடித்து, பிள்ளைகள் போன பிறகு டீச்சர் வராந்தாவில் உட்கார்ந்து ஏழாவது காலைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். பாக்கெட்டிலிருந்த கடிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"என்னை மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றேன். பிறகு கேட்டேன். "ஏன் டீச்சர் சீல் வச்சீங்க?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். "சீல் இல்லாம போனா திருப்பி அனுப்பிடுவாங்க சார். அப்புறம் ஒங்களுக்குத்தானே வீண் அலைச்சல்."

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, எட்டாவது காலுக்குத் துணியை வெட்டிக் கொடுத்தேன். ஒன்பதாவதற்கும் வெட்டினேன், பத்தாவதற்கும் வெட்டினேன். ரிட்டயர் ஆன பிறகு எத்தனையோ பேர் என்னிடம், இத்தனை வருஷ சர்வீஸில் என்ன சார் சாதித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கொடி டீச்சரோடு ஒரே ஹாலில் வேலை பார்த்தேன் என்று சொல்லுவேன். அவர்களுக்கு அது புரிவதில்லை, பரவாயில்லை.